இளைக்க ஒரு மாத்திரை

"மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று ஒரு வாக்கியம் சொன்னேன். இத்தனை வருஷமாக நான் எழுதிய கதைகளில் எந்த வாக்கியத்தையும் யாரும் அப்படியே நம்பி நடந்ததில்லை. இதை நம்பி நடந்தார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள். பீடி சுற்றும் குடும்பம். விடிந்ததும் சொளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், இலையும் தூளும் நூலுமாக மாலை வரைக்கும் அந்த இருப்புத்தான். மகளுக்கு 22 வயது. பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் தின்று, தேநீர் குடித்து, சிரித்துப் பேசிவிட்டுப் போய், "பொண்ணு கொஞ்சம் கனமா இருக்கு" என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவது வீட்டாரும் அதையே சொன்னார்கள். மூன்றாவது இடம் வருவதற்குள் அந்தத் தாய் செல்போனில் வந்த விளம்பரம் ஒன்றைப் பார்த்துச் சேமிப்புப் பணத்தில் ஒரு டப்பா வரவழைத்தாள். அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, இதுல இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. பிள்ளைக்குக் குடுக்கலாமா?"

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு நிறுத்தியவன். ஆனால் தெருவில் எனக்குப் பெரிய படிப்பாளி என்று பெயர். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பச்சை இலைப் படம். நாலைந்து செடிகளின் பெயர். "பக்க விளைவு இல்லை" என்று தங்க எழுத்து. கதை ஒன்றை முடிக்கிற அவசரத்தில் இருந்தேன். அந்த வாக்கியத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது வாரம் அந்தப் பெண்ணுக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. வாய் உலர்ந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு, ஒருநாள் பீடி சுற்றிக்கொண்டிருந்தபடியே சரிந்துவிட்டாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் நாலு நாள். இரத்த அழுத்தம் அந்த வயதுக்கு இருக்கவே கூடாத அளவுக்கு ஏறியிருந்தது. டப்பாவைப் பார்த்த டாக்டர் சொன்னார்: "இதில் என்ன இருக்கிறது என்று விற்றவனுக்குத்தான் தெரியும். அவனுக்கும் தெரியுமோ என்னவோ!"

பிழைத்துக்கொண்டாள். நாலு கிலோ குறைந்திருந்தாள். மூன்று மாதத்தில் ஐந்து கிலோ கூடினாள். என்னை அந்தத் தாய் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இதை நான் சொன்னபோது என் நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருபது வருஷம் ஊர் ஊராய்ச் சுற்றியவர். "யாரோ ஒரு மோசடிக்காரன் விற்றதற்காக விஞ்ஞானத்தையே திட்டாதேயும். பரிசோதித்து, டாக்டர் சீட்டு எழுதி, சர்க்கார் அனுமதித்த மருந்து என்றால் பயமில்லை" என்றார். நியாயமான பேச்சுத்தான். ஆகவே மோசடிக்காரனைச் சற்றே ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு, டாக்டர் சீட்டு எழுதிய மருந்துகளின் சரித்திரத்தை மட்டும் பார்ப்போம்.

முதல் உலக யுத்தத்தின்போது பிரான்சு தேசத்து வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோஃபீனால் என்ற ரசாயனத்தைக் கையாண்ட தொழிலாளிகள் மெலிந்துபோனார்கள். சிலர் உடல் கொதித்து இறந்தார்கள். 1933இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் இதையே மெலிவதற்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பு என்ற அடுப்பில் விறகு வீணாக எரியும்படி செய்கிற மருந்து அது. மெலிந்தது வாஸ்தவம். சொற்ப காலத்தில் லட்சம் பேர்வரை அதைத் தின்றிருக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. பிறகு இளம் பெண்களுக்குக் கண்ணில் புரை விழுந்தது. அடுப்பு எல்லை மீறி எரிந்தால் அணைக்க மாற்று மருந்தே இல்லை என்பதும் தெரிந்தது. 1938இல் வந்த புதிய மருந்துச் சட்டத்தோடு அங்கே அதன் கடை மூடப்பட்டது. மூடியதா? இன்றும் இணையத்தில் திருட்டுத்தனமாய் விற்கிறார்கள். இங்கிலாந்து 2023இல் அதை விஷங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பின் ஆம்ஃபெடமின் வந்தது. பசி போயிற்று, கூடவே தூக்கமும் நிதானமும் போயின, மருந்தை விட முடியாத பழக்கம் மட்டும் மிஞ்சியது. பிறகு அமினோரெக்ஸ். 1965 முதல் ஐரோப்பாவில் விற்று, நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறிப் பலர் மாண்டபின் 1968இல் திரும்பப் பெறப்பட்டது. பிறகு ஃபென்ஃப்ளூரமின். இதை இன்னொரு மருந்தோடு சேர்த்து அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் தின்றார்கள். 1997இல் 24 பெண்களுக்கு இருதய வால்வு கெட்டிருப்பதை மேயோ வைத்தியசாலை டாக்டர்கள் வெளியிட்டார்கள். அந்த வருஷமே செப்டம்பரில் கடையை விட்டு எடுத்தார்கள். அதற்கு நெருங்கிய உறவான பென்ஃப்ளூரெக்ஸ், சர்க்கரை வியாதிக்கு என்று பெயர் சொல்லிக்கொண்டு பிரான்சில் 1976 முதல் 2009 வரை விற்றது. மெலிய விரும்பியவர்களுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். இரேன் ஃப்ராஷோன் என்ற பெண் டாக்டர் விடாமல் போராடியிராவிட்டால் இன்னும் எத்தனை காலம் விற்றிருக்குமோ? தயாரித்த கம்பெனி குற்றவாளி என்று 2021இல் பாரீஸ் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை" என்று சொல்லவும் இடமில்லை. ரிமோனபாண்ட் என்ற மருந்து ஐரோப்பாவில் 2006இல் வந்தது. தின்றவர்களில் சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தலைகாட்டின. 2008இல் அங்கே நிறுத்தினார்கள். நம் நாட்டில் 2009இல் தடை செய்தார்கள். சிபுட்ரமின் என்பதை ஏறத்தாழப் பத்தாயிரம் பேரிடம் வருஷக்கணக்காகச் சோதித்ததில், ஏற்கெனவே இருதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்தது. 2010இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் கைவிட்டன. 2011 பிப்ரவரியில் இந்தியாவிலும் தடை வந்தது. அதுவரை நம் மருந்துக் கடைகளிலும் விற்றதுதானே?

நண்பரே, இவை ஒன்றுகூட மோசடிக்காரன் செய்தவை அல்ல. பெரும்பாலானவை டாக்டர் சீட்டோடு வந்தவை. ஒவ்வொன்றும் வரும்போது, "முந்தையதைப் போல் அல்ல, இது பத்திரமானது" என்ற சிபாரிசோடுதான் வந்தது. விஞ்ஞானத்தை நான் திட்டவில்லை. தவற்றைக் கண்டுபிடித்துச் சொன்னதும் விஞ்ஞானமே. ஆனால் கண்டுபிடிக்கும்வரை யார் உடம்பில் சோதனை நடந்தது என்று கேட்கிறேன்.

இனி ஓரத்தில் உட்கார வைத்த மோசடிக்காரனைக் கூப்பிடுவோம். "எங்களுடையது இயற்கை" என்பதுதான் அவனுடைய மந்திரம். அவன் டப்பாக்களில் அடிக்கடி காணும் பெயர் கார்சீனியா. அது என்ன தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் காய்க்கும் குடம்புளி! மலைக்கு அந்தப் பக்கம் மீன் குழம்பில் போடுகிற புளியை வெளிநாட்டுப் பெயர் சூட்டி நமக்கே திருப்பி விற்கிறார்கள். 1998இல் நியூயார்க்கில் 135 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு அந்தச் சத்தையும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்து, இரு சாராருக்கும் ஒரே பத்திய உணவு வைத்து 12 வாரம் பார்த்தார்கள். குடம்புளிச் சத்துத் தின்றவர்கள் சராசரி 3.2 கிலோ குறைந்தார்கள். வெற்று மாத்திரை தின்றவர்கள் 4.1 கிலோ! இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கில்லை என்றாலும், மருந்தால் லாபமில்லை என்பது நிச்சயம். மெலிய வைத்தது பத்தியம். பெயர் வாங்கப் பார்த்தது மாத்திரை. குழம்பில் கரைக்கிற புளி யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் அதன் சத்தைக் காய்ச்சி வடித்து அளவில்லாமல் தின்றவர்களில் சிலருக்கு ஈரல் கெட்டதாக வைத்தியப் பத்திரிகைகளில் செய்திகள் உண்டு.

ஒன்றும் செய்யாத டப்பா விலை போகாது. ஆகவே கெட்டிக்கார வியாபாரி என்ன செய்கிறான்? தடை செய்த மருந்தை மூலிகைப் பொடியில் கலக்கிறான். சிபுட்ரமினை இப்படி ஒளித்து வைத்த "மூலிகை" மாத்திரைகளை அமெரிக்க அதிகாரிகள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 2002இல் ஸ்லிம் 10 என்ற மாத்திரையைத் தின்று ஆண்ட்ரியா டி குரூஸ் என்ற நடிகையின் ஈரல் செயலிழந்தது. அவரை மணக்கவிருந்தவர் தம் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்ததால் அவர் பிழைத்தார். அதே மாத்திரையைத் தின்ற இன்னொரு பெண் பிழைக்கவில்லை. உள்ளே இருந்தது ஃபென்ஃப்ளூரமினின் ஒரு மாற்றுருவம். 1997இல் முன்வாசல் வழியாக வெளியே தள்ளியது புழக்கடை வழியாக வந்துவிட்டது!

சிங்கப்பூர் வரை போவானேன்? 2026 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி, மெலியலாம் என்று சொன்ன ஒரு காணொளியை நம்பி நாட்டுமருந்துக் கடையில் வெங்காரம் வாங்கித் தின்று இறந்தாள். பொற்கொல்லர்கள் பற்று வைக்கும்போது போடுகிற வெங்காரம். அதைத் தின்னும்படி ஒரு பெண்ணை எது துரத்தியது என்பதை யோசித்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

அப்படியானால் வேலை செய்கிற மருந்தே இல்லையா? உண்டு, அதை மறைப்பது என் பக்கத்து மோசடியாகிவிடும். ஆர்லிஸ்டாட் என்ற மாத்திரை, தின்ற கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உடம்பில் சேராமல் வெளியேற்றுகிறது. ஒரு வருஷத்தில் வெற்று மாத்திரையைவிடச் சுமார் மூன்று கிலோ அதிகம் குறைகிறது. எண்ணெய்ப் பசையாகப் பேதியாவது உபரி. செமாகுளுடைடு என்ற ஊசி மருந்தை 1,961 பேரிடம் 68 வாரம் சோதித்த முடிவு 2021இல் வந்தது. ஊசி போட்டவர்கள் சராசரி நூற்றுக்குப் பதினைந்து பங்கு எடை குறைந்தார்கள். போலி ஊசிக்காரர்கள் இரண்டரைப் பங்குகூட இல்லை. இது பழைய மருந்துகளின் ஜாதி அல்ல; பருமனோடு இருதய நோயும் இருந்தவர்களுக்கு மாரடைப்பைக் குறைத்ததாகவும் 2023இல் ஒரு பெரிய சோதனை சொன்னது. 2025 முதல் இந்தியாவிலும் எடை குறைப்பதற்கென்றே விற்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, பித்தப்பைக் கல், அபூர்வமாகக் கணைய வீக்கம் ஆகியவை பாதகங்கள். கர்ப்பிணிகள் போடக்கூடாது. நிறுத்திய ஒரு வருஷத்துக்குள் இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி ஏறிவிட்டதையும் அதே ஆராய்ச்சியாளர்கள்தாம் சொன்னார்கள்.

இதிலிருந்து எனக்குத் தெரிகிற நீதி இது: பருமன் ஒருவரை நோயாளியாக்கிவிட்டபோது, டாக்டர் இரத்தத்தையும் இருதயத்தையும் பார்த்து, நீண்ட காலத்துக்குக் கொடுக்கிற மருந்து ஒன்று இருக்கலாம். கல்யாணத்துக்கு முன் முப்பது நாளில் இளைக்க வைக்கிற பத்திரமான மாத்திரை ஒன்று கிடையாது. ஒருகாலும் இருந்ததில்லை.

இதெல்லாம் சர்க்காருக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். 1954இலேயே மருந்துகள், மாய சிகிச்சைகள் விளம்பரச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். இன்ன இன்ன நோய்க்கு மருந்து என்று பொதுஜனங்களுக்கு விளம்பரமே செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உடற்பருமனும் ஒன்று! முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை ஜெயில் உண்டு. சட்டம் எழுபது வயதைத் தாண்டிவிட்டது. விளம்பரமோ சுவரிலிருந்து பத்திரிகைக்கும், பத்திரிகையிலிருந்து நம் சட்டைப் பைக்குள்ளும் வந்துவிட்டது. "மருந்து" என்று சொன்னால்தானே வம்பு? "உணவுச் சத்து" என்று அச்சடித்துத் தப்பிக்கப் பார்க்கிறார்கள். பிடிக்க வேண்டியவர்கள் பிடிப்பதற்குள் டப்பாவின் பெயர் மாறிவிடுகிறது.

ஆனால் சட்டத்தின்மேலும் வியாபாரியின்மேலும் பழியைப் போட்டுவிட்டு நாம் கை கழுவ முடியாது. தமிழ்நாட்டில் 2015-16இல் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 30.9 பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள், 2019-21இல் 40.4. ஆண்கள் 28.2இலிருந்து 37. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புச் சொல்லும் எண்கள் இவை. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் பருக்கிறார்கள். ஆனால் "மாப்பிள்ளை கொஞ்சம் கனம்" என்று திருப்பி அனுப்பின பெண்வீட்டாரை நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளைக்குத் தொந்தி இருந்ததாம். அதைச் செழிப்பு என்றார்களாம்.

"மாத்திரை எதற்கு? காலையில் நடக்கலாமே!" என்று உபதேசம் செய்கிற அன்பர்களும் உண்டு. நானும் பாளையங்கால்வாய்க் கரையில் நடக்கிறவன்தான். நல்ல பழக்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டுக் கணக்குக்குக் கூலி வாங்குகிற பீடிக்காரப் பெண் ஒரு மணி நேரம் எழுந்து நடந்தால் அந்த ஒரு மணி நேரத்துக் கூலியை யார் தருவது? நாளெல்லாம் உட்கார வைக்கும் தொழில், ரேஷன் அரிசிச் சோறு, வெளியே நடமாடத் தயங்க வைக்கும் தெரு. இவற்றை எல்லாம் வைத்துக்கொண்டு, அவள் உடம்பு அவள் குற்றம் என்று நாம் சொல்லிவிட்ட இடத்தில்தான் டப்பாக்காரன் கடை போடுகிறான். நாம் கொடுக்கிற வெட்கம்தான் அவனுடைய மூலதனம்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள் நம் பெரியவர்கள். கொள்ளுத் தின்றால் கொழுப்புக் கரையும் என்று நான் சத்தியம் செய்யப்போவதில்லை. ஆனால் அந்தப் பழமொழி எவரையும் கொன்றதில்லை; இருதயத்தைக் கெடுத்ததும் இல்லை. மாத்திரை விற்கிறவன் அந்த அளவு யோக்கியதைக்காவது உத்தரவாதம் கொடுக்கட்டும்!

போன மாதம் இன்னொரு தாய் இன்னொரு டப்பாவோடு என் வாசலுக்கு வந்தாள். வேறு நிறம், அதே இலைப் படம். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு உட்காரச் சொன்னேன். "இதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, தாயி. தெரியாததைப் பிள்ளைக்குக் கொடுக்காதே. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சர்க்கரையும் தைராய்டும் பார். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் என்னையும் கூப்பிடு" என்றேன்.

"நீங்க எதுக்கு அண்ணாச்சி?"

"மாப்பிள்ளையின் எடையை விசாரிக்க ஓர் ஆள் வேண்டாமா?"

சிரித்துவிட்டாள். டப்பாவை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அது இன்னும் அங்கேயே, திறக்கப்படாமல் இருக்கிறது. அவசரத்தில் ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.