முதலில் பணம், பிறகுதான் மருந்தா?

"நல்ல மருத்துவம் வேண்டுமானால் அதற்குரிய விலையைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்" என்று சொல்வோர் இன்று பெருகிவிட்டனர். புடவையையும் பாத்திரத்தையும் போலவே மருத்துவத்தையும் அவரவர் கைக்கேற்ப வாங்கிக்கொள்ளட்டும் என்பது இவர்களின் வாதம். நியாயம்போல் ஒலிக்கும் இவ்வாதத்தைச் சற்றே உரசிப் பார்ப்போம்.

புடவை வாங்க வசதியில்லாதவர் அடுத்த பண்டிகைவரை பொறுத்திருக்கலாம். நெஞ்சுவலி கண்டவர் பொறுத்திருக்க இயலுமா? மேலும், நோய் எல்லாரையும் ஒன்றுபோல் தாக்குவதுமில்லை. ஒழுகும் கூரை, உடலை முறிக்கும் உழைப்பு, அரைவயிற்று உணவு ஆகியவை உள்ள இடத்தையே அது மிகுதியாக நாடுகிறது. எவருக்கு மருத்துவம் அதிகம் தேவையோ அவரிடமே பணம் குறைவாக இருக்கிறது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரிடையே பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் இதனை ஒரு விதியாகவே வகுத்துரைத்தார். நல்ல மருத்துவம் தேவை மிகுந்த இடத்தில் குறைவாகவே கிடைக்கிறது. சந்தையின் ஆதிக்கம் வளர வளர இம்முரண்பாடும் வலுக்கிறது என்பதே அவர் கண்ட உண்மை.

சந்தையை நம்பிய நாடுகளுள் முதன்மையானது அமெரிக்கா. தன் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 17 விழுக்காட்டை அது மருத்துவத்திற்குச் செலவிடுகிறது. முதியோருக்கும் வறியோருக்கும் 1965இல் அரசுத் திட்டங்கள் வந்தன. 2010இல் மற்றுமொரு பெரிய சட்டம் வந்தது. அவ்வளவுக்குப் பின்னரும் 2023இல் சுமார் 2.6 கோடிப் பேருக்கு எந்தக் காப்பீடும் இல்லை. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருவோரைப் பணமில்லை என்று திருப்பியனுப்பக் கூடாது என 1986ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. நல்ல சட்டமே. ஆனால் அதன் மறுபுறத்தையும் எண்ணிப் பாருங்கள். இரத்தக் கொதிப்புக்கு நாள்தோறும் மாத்திரை கேட்டு வரும் ஏழையை அச்சட்டம் காக்காது. அதே ஏழை பக்கவாதத்தில் வீழ்ந்து தூக்கிவரப்படும்போதுதான் அவனுக்குக் கதவு திறக்கும். இதற்குப் பெயர் சிக்கனமா?

"எல்லாருக்கும் மருத்துவம் அளிக்க நாம் என்ன செல்வ நாடா?" என்பது அடுத்த கேள்வி. இதற்குத் தாய்லாந்து விடையளிக்கிறது. 2002இல் அந்நாட்டில் தலைக்குரிய ஆண்டு உற்பத்தி மதிப்பு ஏறத்தாழ 2,000 டாலர்தான். அவ்வாண்டில்தான் எந்தக் காப்பும் இல்லாதிருந்த மக்களையும் அந்நாடு ஒரே திட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. மருத்துவமனைக்கு ஒருமுறை சென்றால் 30 பாட் கட்டணம். அது ஒரு டாலருக்கும் குறைவு. மீதியை வரிப்பணம் தாங்கியது. முன்னர்க் கிராமப்புற மருத்துவமனையில் பணியாற்றிய சங்குவான் நித்தயாரம்போங் என்ற மருத்துவர் இத்திட்டத்திற்காகப் பல்லாண்டு உழைத்தார். மாவட்டந்தோறும் மருத்துவமனைகளை முன்னரே எழுப்பியிருந்ததும், மருத்துவம் படித்தோரைக் கிராமப் பணிக்கு அனுப்பியதும் அதற்கு அடித்தளமாயின. 2008 முதல் சிறுநீரகம் செயலிழந்தோருக்கான இரத்தச் சுத்திகரிப்பும் இத்திட்டத்தில் இடம்பெற்றது. இலவசம் என்றாலே தரக்குறைவு என்போர் இதனைக் கருதவேண்டும்.

தாய்லாந்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அங்கும் அரசு மருத்துவமனைகளில் கூட்டம் நெரிகிறது. பாங்காக்கின் ஆடம்பர மருத்துவமனைகள் செல்வருக்காகவே இயங்குகின்றன. இங்கிலாந்தில் 1948 முதல் நடந்துவரும் தேசிய நலப்பணியிலும் அறுவை சிகிச்சைக்கான காத்திருப்பு நீண்டதாகவே இருக்கிறது. ஆயினும் நோயின் கடுமையைப் பார்த்து வரிசையில் நிறுத்துவதும், மடியின் கனத்தைப் பார்த்து வரிசைக்கு வெளியே நிறுத்துவதும் ஒன்றாகுமா?

இனி நம் நாட்டிற்கு வருவோம். 2021-22ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி, இந்தியாவில் மருத்துவத்திற்குச் செலவாகும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 39 ரூபாய் நோயுற்ற குடும்பத்தின் கையிலிருந்தே நேராகப் போகிறது. 2013-14இல் அது 64 ரூபாயாக இருந்தது, குறைந்திருப்பது மகிழ்ச்சியே. ஆனால் தாய்லாந்தில் இது பத்து ரூபாயையொட்டியே இருக்கிறது. 2018இல் நடுவண் அரசு கொண்டுவந்த காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனையில் படுக்கையில் கிடப்போருக்கானது. மருந்துக்கடையில் மாதந்தோறும் வாங்கும் சர்க்கரை நோய் மாத்திரைக்கு அது உதவாது. தாலிக்கொடியை அடகு வைத்துக் கணவனின் சிகிச்சைக்குக் கட்டிய பெண்ணை அறியாதவர் நம்முள் யார்?

மருத்துவம் ஒருபோதும் இலவசமாக வருவதில்லை. யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்கிறார். அதை எப்போது, யாரிடம் கேட்பது என்பதே வழக்கு. நலமாய் இருக்கும்போது எல்லாரிடமும் அவரவர் வருவாய்க்கேற்ப வரியாகக் கேட்கலாம். அல்லது நோயாளி வலியில் துடிக்கும்போது அவன் மனைவியிடம் கேட்கலாம். இரண்டாவதைத் தேர்ந்துகொண்டு அதற்குப் "பொருளாதாரம்" என்று பெயர் சூட்டுவதை இனியேனும் நிறுத்துவோம். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருவோரிடம், நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் எத்தனை நாள் இருக்கிறார், எந்தெந்த மருந்து இல்லை என்று கேட்போம். அக்கேள்விக்குக் காசு செலவில்லை.