காப்பீட்டுக் கணக்கில் வராத கைகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கிளெய்ம் தரவு கையில் கிடைத்தால் தமிழ்நாட்டின் நோய்களையெல்லாம் எண்ணிவிடலாம் என்று நம்மில் பலர் நம்புகிறோம். இதய அறுவைச் சிகிச்சைக்கு அது ஓரளவு சரி. தோல் நோய்க்குச் சரிவராது. ஏன் என்று பேகம்பூரில் நின்று பார்த்தால் விளங்கும்.

திண்டுக்கல்லின் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். டி. செல்வராஜ் அந்த வாழ்க்கையைத்தான் 'தோல்' நாவலாக எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. சுண்ணாம்பு கைத் தோலை அரிக்கும், அமிலம் புண்ணாக்கும். குரோமியம் ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் லேசில் விடாது.

கை வெடித்தவர் என்ன செய்வார்? மருந்துக் கடையில் ஒரு டியூப் வாங்குவார். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அரிப்பு அடங்கும், நிறுத்தினால் திரும்பும். முற்றிப்போனால் அரை நாள் கூலியை விட்டுவிட்டு அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி நிற்பார். காப்பீடு பணம் தருவதோ, பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கு. ஓ.பி. சீட்டுக்குக் கிளெய்ம் இல்லை. கிளெய்ம் இல்லாதவர் தரவிலும் இல்லை. தோல் என்று அதில் தேடினால் தீக்காயமும் ஒட்டுத்தோல் அறுவையும் கிடைக்கும். அதை வைத்து 'இந்த மாவட்டத்தில் தோல் நோய் குறைவு' என்று ஒருவர் கட்டுரை எழுதினால், அது நோயின் கணக்கல்ல, பட்டுவாடாவின் கணக்கு.

பட்டுவாடாவுக்கு என்ன சிகிச்சை, எவ்வளவு தொகை என்று தெரிந்தால் போதும். எத்தனை வருடம் குழியில் நின்றார் என்று தெரியவேண்டியதில்லை. சாதியும் வேண்டியதில்லை. நோயைத் தந்தது வேலை, வேலையைத் தந்தது சாதி. இரண்டையும் கேட்காத தரவு காரணத்தை எங்கிருந்து சொல்லும்? 'அவங்க தோலே அப்படித்தான்' என்ற பழைய பேச்சுக்குத்தான் அது வசதி.

சட்டத்துக்கு இது தெரியாததல்ல. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், அதன் மூன்றாம் அட்டவணையில், குரோமியத்தால் வரும் நோய்களையும் ரசாயனங்களால் வரும் தோல் நோய்களையும் தொழில் நோய்களாகச் சேர்த்தது. ஆனால் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்றது. தினக்கூலிக்காரர் எந்தப் பதிவேட்டைக் காட்டுவார்?

எண்ணவே முடியாத விஷயமா இது? 1996இல் தோல் தொழிற்சாலை மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 ஊர்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற கணக்கு அதில் இடம்பெற்றது. ஒரு தன்னார்வ அமைப்பு எண்ணிக் கொடுத்த கணக்கு. கிணறு கிணறாக எண்ண முடிந்திருக்கிறது. தொழுநோய்க்கு அரசே வீடு வீடாக ஆளனுப்பித் தேமலைத் தேடுகிறது.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வாசலுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. வருகிற ஊழியர் கையையும் நீட்டச் சொல்லிப் பார்க்கட்டும். என்ன வேலை, எத்தனை வருடம் என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும். பேகம்பூரிலேயே தொடங்கலாம். ஷாப்பு மூடியபின் கட்டட வேலைக்குப் போனவர்களையும் விட்டுவிடக் கூடாது. சிமெண்டிலும் குரோமியம் இருக்கிறது.