உயிர் காக்கும் மாத்திரையிலும் ஏகபோகமா?

நமது எலும்புகளின் மஜ்ஜையில்தான் ரத்தம் உற்பத்தியாகிறது. எப்போது பெருகுவது, எப்போது நிறுத்துவது என்று அங்குள்ள அணுக்களுக்குச் செய்தி சொல்பவை சைட்டோகைன் என்னும் புரதங்கள். ஆலைச் சங்கு ஊதியதும் வேலை தொடங்குவதில்லையா, அதைப் போல!

நாள்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்றுநோயில் இந்த ஒழுங்கு குலைகிறது. இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் ஒரு கெட்ட புரதம் பிறக்கிறது. அதன் ஏவலால் நோயணுக்கள் இண்டர்லூகின்-3 போன்ற வளர்ச்சிச் செய்திகளைத் தாமே தயாரிக்கின்றன. தமக்குத் தாமே சங்கு ஊதிக்கொண்டு ஓயாமல் பெருகுகின்றன. அத்தோடு விட்டதா? அவை சுரக்கும் இண்டர்லூகின்-6 அண்டையிலுள்ள நல்ல அணுக்களையும் கெடுப்பதை 2011ல் எலிகளில் கண்டார்கள். களை பயிரை அமுக்குவதுபோல் நோய் முற்றுகிறது.

இதைத் தலைவிதி என்று சொல்வோர் உண்டு. நாம் மறுக்கிறோம். அந்தக் கெட்ட புரதத்தின் வாயை அடைக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001லேயே வந்துவிட்டது. ஆனால் நோயின் வேர் பெரும்பாலும் மஜ்ஜையில் ஒளிந்து கிடக்கும். ஆகவே அநேகர் வருஷக்கணக்கில் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். இடையில் நிறுத்தினால் பலருக்கு நோய் மறுபடி தலைதூக்கும். மாத்திரையின் விலையே உயிரின் விலை!

அந்த விலை என்ன? சுவிட்சர்லாந்துக் கம்பெனியான நோவார்ட்டிஸ் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய் கேட்டது. இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தைச் சுமார் 8,000 ரூபாய்க்குக் கொடுத்தன. எந்தக் கூலிக்காரன் லட்சம் கொடுப்பான்?

பழைய மருந்தின் புதுப் படிக வடிவத்துக்குப் பேடண்ட் கேட்டது அந்தக் கம்பெனி. 2005ல் பேடண்ட் சட்டம் திருத்தப்பட்டபோது, இடதுசாரிகளின் வற்புறுத்தலால் 3(டி) பிரிவு கடுமையாக்கப்பட்டது. பழைய மருந்துக்குப் புதுச் சட்டை மாட்டினால் மட்டும் பேடண்ட் கிடையாது என்கிறது அப்பிரிவு. 2006ல் சென்னைப் பேடண்ட் அலுவலகம் மறுத்தது. 2007ல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை எதிர்த்த வழக்கைத் தள்ளியது. 2013 ஏப்ரல் 1ல் சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனியின் கோரிக்கையை நிராகரித்தது. மும்பைப் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் அவ்வழக்கில் எதிர்த்து நின்றது.

"பேடண்ட் இல்லாவிட்டால் ஆராய்ச்சி ஏது?" என்று கேட்கிறார்கள் கம்பெனியின் வக்கீல்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: 1960ல் அந்தக் குரோமோசோமைக் கண்டவர்கள் யார்? பிலடெல்பியா நகரின் ஆராய்ச்சியாளர்கள் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும். 1973ல் துண்டுகள் இடம் மாறுவதைக் கண்டவர் யார்? சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேனட் ரௌலி. இவர்கள் கம்பெனியின் ஆட்களா? மருந்தை நோயாளிகளிடம் சோதித்து வெற்றி கண்ட டாக்டர் ட்ரூக்கரே 2007ல் பேடண்டைத் தவறாகப் பயன்படுத்துவதைப் பகிரங்கமாகக் கண்டித்தார்!

ஆபத்து நீங்கிவிடவில்லை. 2024ல் கையெழுத்தான, சுவிட்சர்லாந்தும் பங்குகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தின் பேச்சுவார்த்தையில், மருந்துச் சோதனை விவரங்களுக்குத் தனியுரிமை கேட்டார்கள். இந்தியா இணங்கவில்லை. நாளை மீண்டும் கேட்க மாட்டார்களா?

1936 ஜூலை 30ல் பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர் உயிரைக் கொடுத்து, எட்டு மணி நேர வேலையை வென்ற ஊர் நமது புதுச்சேரி. சும்மா கிடைத்த உரிமை எதுவுமில்லை. 3(டி) பிரிவில் கைவைக்க விடமாட்டோம். எந்த சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், இந்த மாத்திரையும் அதற்கான ரத்தப் பரிசோதனையும் ஏழைக்கு இலவசமாக, ஒரு நாளும் தடைபடாமல் கிடைத்தாக வேண்டும். இது பிச்சையல்ல; நமது உரிமை!