புலனம் போதும் என்போரே, போன ஆண்டுப் பதில் எங்கே?



நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுள் புலனக் குழுவில் இல்லாதவர் எவரேனும் உளரா? பள்ளிக்கு ஒன்று, தமிழ்மொழிப் பணித்தியத்திற்கு ஒன்று, மாவட்டத்திற்கு ஒன்று, புறப்பாட நடவடிக்கைக்கு ஒன்று. இவை போதாவென்று, இரண்டு நாள் பயிலரங்குக்காகத் தொடங்கப்பட்டு இன்றுவரை கலைக்கப்படாமல் பிறந்தநாள் வாழ்த்துகளால் உயிர்வாழும் குழு இன்னொன்று! வாட்சாப்புக்குப் 'புலனம்' என்று அழகிய தமிழ்ப்பெயர் சூட்டி மகிழ்ந்தோம். அதனுள்ளே நம் உழைப்பு என்னவாகிறது என்பதைத்தான் எவரும் பேசுவதில்லை.

'வாழ்த்துகள்' சரியா, 'வாழ்த்துக்கள்' சரியா? இவ்வினா நான் உறுப்பியம் பெற்றுள்ள ஒரு குழுவில் பொங்கலுக்கு ஒருமுறை, ஆசிரியர் தினத்திற்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை தவறாமல் எழும். பணி ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர், கைப்பேசியின் சிறு விசைகளில் விரல்நோகத் தட்டச்சு செய்து, குற்றியலுகரம் தொட்டு விளக்கம் எழுதுவார். அதன் கீழே நாற்பது கைகூப்பும் படங்கள், காலை வணக்க மலர்கள், யாரோ ஒருவரின் வீடு விற்பனை அறிவிப்பு. மூன்றாம் நாள் அவ்விளக்கம் ஆழத்தில் புதைந்துவிடும். அடுத்த பண்டிகைக்கு மீண்டும் அதே வினா, அதே பெரியவர், அதே விளக்கம். பெரியவருக்கு அலுப்புத் தட்டியதும் விளக்கம் நின்றது. வினா மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

இதை அறிவுப் பகிர்வு என்று எவ்வாறு அழைப்பது? ஓட்டைக் குடத்தில் நீர் மொள்ளும் வேலையன்றோ!

2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நம்மவர் உழைத்த உழைப்பை எண்ணிப் பாருங்கள். இரவு பகலாகப் பயிற்றிகள், காணொலிகள், இணையவழி வினாக்கள் என உருவாக்கித் தள்ளினார்கள். அத்தனையும் புலனக் குழுக்களின் வழியாகவே பாய்ந்தன. உரிய காலத்தில் பதிவிறக்கம் செய்யாத கோப்பு சில வாரங்களில் கிட்டாமற் போயிற்று. காப்புப்படி எடுக்காமல் கைப்பேசி பழுதானவருக்கு எல்லாம் போயிற்று. 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டு, வகுப்பறைசார் மதிப்பீடே முதன்மை பெற்றபோது, தர அடைவை எவ்வாறு பதிவது, கட்டுரைத்திறனை எப்படி அளப்பது என்று நூற்றுக்கணக்கான ஐயங்கள் எழுந்தன; நல்ல பதில்களும் வந்தன. இவ்வாண்டு பணியில் சேர்ந்த இளம் ஆசிரியர் அவற்றை எங்கே சென்று படிப்பார்?

இதனால் முதலில் அடிபடுபவர் நகர்ப்புறப் பெரிய பள்ளியின் ஆசிரியர் அல்லர். அவருக்குப் பக்கத்து மேசையில் கேட்க ஆளுண்டு. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள. அவற்றுள் பல, குறைந்த மாணவர் எண்ணிக்கை கொண்டவை. முப்பது பேர் கூட இல்லாத தோட்டப்புறப் பள்ளியில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் அமர்த்திக் கூட்டு வகுப்பு நடத்தும் ஆசிரியர் யாரைக் கேட்பார்? அவருக்குத் தேவை இரவு பதினொரு மணிக்குத் தேடினாலும் கிடைக்கும் பழைய பதில்.

அந்த வசதியைத் தரவல்ல கருவி புதிதன்று, நம்மிடம் இருந்ததுதான். அதன் பெயர் மின்மடற்குழு. ஒரே முகவரிக்கு மடல் எழுதினால் உறுப்பினர் அனைவருக்கும் சென்று சேரும். ஒவ்வொரு மடலும் பொருள்வரியோடும் நாளோடும் காப்பகத்தில் அடங்கும். இவ்வேலையைத் தானே இயங்கிச் செய்யும் 'லிஸ்ட்செர்வ்' மென்பொருளை எரிக் தாமஸ் என்பார் 1986இலேயே எழுதிவிட்டார்.

தமிழ் இதனால் அடைந்த பயன் கொஞ்சநஞ்சமன்று. மலேசியரான பாலா பிள்ளை ஆஸ்திரேலியாவிலிருந்து நடத்திய தமிழ்.நெட் மடற்குழுவில், நம் கோலாலம்பூர் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் துணையோடு, 1990களிலேயே உலகத் தமிழர் தமிழ் எழுத்தில் மடலாடினர். எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு மாறி ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கவியலாத அந்நாளில், 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீடு உருவானது எங்கே? பல நாட்டு ஆர்வலர்கள் மின்மடல் வழியே மாதக்கணக்கில் வாதிட்டு உருவாக்கியது அது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் தட்டச்சிட்டு மின்னூலாக்கும் பணி, இந்த மடலாடிகளின் உறவிலிருந்தே கிளைத்தது. சுங்கைப் பட்டாணி மருத்துவர் ஜெயபாரதி யாகூவில் 'அகத்தியர்' குழுவை நடத்தியதை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். மாலையில் மடலைத் திறந்தால் ஒரு வகுப்பில் அமர்ந்த நிறைவு கிட்டும்.

"அப்படிப்பட்ட யாகூ குழுக்கள் என்னவாயின?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, மறைக்கமாட்டேன். 2019 அக்டோபரில் அந்நிறுவனம் குழுக்களின் உள்ளடக்கத்தை நீக்கப் போவதாக அறிவித்தது. வைத்திருப்பதை எடுத்துக்கொள்ள உறுப்பினர்க்குக் கிடைத்த அவகாசம் மிகச் சிறிது. 2020 டிசம்பர் 15ஆம் நாள் சேவையே மூடப்பட்டது. ஆனால், மடற்குழுவில் ஒவ்வொரு மடலின் படியும் ஒவ்வோர் உறுப்பினரின் அஞ்சற்பெட்டியிலும் இருக்கிறது. நிறுவனம் அழித்தாலும் உறுப்பினர் அழிக்காதவரை எழுத்து வாழும். புலனத்தில் அந்தப் படி கைப்பேசிக்குள் சிறைப்பட்டு, காப்புப்படி எடுக்காவிட்டால் கைப்பேசியோடே போகிறது.

நம் மடற்குழுக்கள் பல யாகூவுக்கு முன்பே செத்துவிட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொன்றது கணினியன்று, நிருவாகம். ஒரே ஒருவர் கையில் திறவுகோல். அவருக்கு மனக்கசப்பு வந்தால் குழுவுக்குப் பூட்டு. அவர் மறைந்தால் கடவுச்சொல்லும் மறைந்தது. மட்டுறுத்துவதற்கு அஞ்சியவர் குழுவில் இரண்டு பேர் சாதியையும் கட்சியையும் பேசி இருநூறு பேரை விரட்டினர். மட்டுறுத்தலே அதிகாரம் என்று எண்ணியவர் குழுவில் தமக்குப் பிடிக்காத மடலெல்லாம் வாசலிலேயே நின்றது.

ஆகவே, ஆசிரியர்க்கென மடற்குழு அமைப்பதானால் முதலில் ஆளைப் பார்க்க வேண்டும். மென்பொருளைப் பிறகு பார்க்கலாம். உரிமையாளர் உரிமை மூவரிடமாவது இருக்கட்டும். அம்மூவரும் வெவ்வேறு பள்ளியினராக இருக்கட்டும். பணியிடம் மாறினாலோ ஓய்வு பெற்றாலோ கைவிட்டுப் போகக்கூடிய அலுவல் முகவரியில் உரிமையைக் கட்டிவைக்காதீர்கள். புதியவரின் முதல் ஓரிரு மடல்களை மட்டும் பார்த்து விடுங்கள். விளம்பரக் குப்பை அதிலேயே வடிகட்டப்பட்டுவிடும். பிறகு அவரை நம்புங்கள். ஒரு மடலை நிறுத்தினால் ஏன் நிறுத்தினீர் என்று எழுதியவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரிக்குச் சோம்பல்பட்டுத்தான் எத்தனையோ நல்ல தமிழறிஞர்களை இழந்தோம்.

'மறுமொழி' விசையை அழுத்தினால் பதில் எங்கே போக வேண்டும் என்று அமைப்பில் ஒரு தெரிவு இருக்கும். கேட்டவருக்கு மட்டும் போகட்டும் என்பது கணினி வல்லுநர் பலரின் கட்சி. தனிப்பட்ட புலம்பல் தவறி ஊருக்கெல்லாம் போய்விடக் கூடாது என்பது அவர்கள் கவலை. கவலை நியாயமே. எனினும் ஆசிரியர் குழுவுக்கு அது பொருந்தாது என்பேன். பதில்கள் தனியே போய்விட்டால் காப்பகத்தில் வினாக்கள் மட்டுமே எஞ்சும்! பதில் குழுவுக்கே செல்லட்டும். இடமாற்ற மனக்குறையைச் சொல்லத் தொலைபேசி இருக்கிறது.

பொருள்வரியில் "வணக்கம்", "உதவி தேவை" என்று எழுதுவோரைத் திருத்தியே ஆகவேண்டும். "ஆண்டு 4 - மொழியணி - இணைமொழி நடவடிக்கை" என்றிருந்தால் ஐந்தாண்டு கழித்தும் தேடிப் பிடிக்கலாம். பேச்சு திசைமாறினால் பொருள்வரியையும் மாற்றுங்கள். முந்திய மடல் முழுவதையும் வால்போல் இழுத்துக்கொண்டு வந்து அடியில் "நன்றி" என ஒற்றைச் சொல் இடாதீர்கள். பெரிய கோப்புகளை மேகக் கிடங்கில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள். ஆனால் அதிலுள்ள செய்தியின் சாரத்தை மடலிலேயே எழுதுங்கள், ஏனெனில் இணைப்பு ஒருநாள் அறுந்துபோகும். மாணவர் பெயரோ படமோ மதிப்பெண்ணோ ஒருபோதும் மடலில் வரக்கூடாது. இந்த ஒன்றில் மட்டும் தயவு தாட்சணியம் வேண்டா. காப்பகம் முழுவதையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இறக்கி வேறிடத்தில் வைப்பதை உரிமையாளர் மூவரில் ஒருவரின் கடமையாக எழுதி வையுங்கள்.

எதிர்வாதங்கள் வராமலா இருக்கும்? "இக்காலத்தில் யார் மின்னஞ்சல் பார்க்கிறார்கள்?" நீங்கள்தான், ஐயா! பள்ளிச் சுற்றறிக்கையும் வங்கிக் கணக்கும் அதில்தானே வருகின்றன? அதே கைப்பேசியில்தான் அஞ்சற்பெட்டியும் இருக்கிறது. மடல்கள் மிகுதி என்றால் நாளுக்கு ஒரே தொகுப்பாகப் பெறும் வசதி தொடக்கக் காலந்தொட்டே உண்டு. "எரிதப் பெட்டிக்குள் விழுகிறதே" என்பது ஓரளவு உண்மை. 2014 ஏப்ரலில் யாகூ அனுப்புநர் சரிபார்ப்பைக் கடுமையாக்கியபோது உலகெங்கும் மடற்குழு மடல்கள் திரும்பி வந்தன. அதன்பின் குழு மென்பொருள்கள் தம் சொந்த முகவரியிலிருந்தே மடலை அனுப்பப் பழகிக்கொண்டன. உறுப்பினர் குழு முகவரியைத் தம் தொடர்புப் பட்டியலில் சேர்த்தால் பெரும்பாலும் தீரும். "டெலிகிராமில் பழைய செய்திகளைப் பார்க்கலாமே" என்பார் சிலர். பார்க்கலாம், பத்தாயிரம் துண்டுச் செய்திகளுக்கிடையே பார்க்கலாம். ஒரு வினாவும் அதன் ஏழு பதில்களும் ஓர் இழையாகக் கோத்து நிற்பது வேறு.

புலனத்தை மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. "நாளைக் கூட்டம் இரண்டு மணிக்கு" என்பதற்கு அது போதும். பாடம் பற்றிய பேச்சை அதில் வளர்க்காதீர்கள் என்கிறேன்.

கூகுள் குழுவாக இருந்தாலும், குரூப்ஸ்.ஐஓ-வாக இருந்தாலும், சொந்த வழங்கியில் நிறுவும் கட்டற்ற மென்பொருளான மெயில்மேனாக இருந்தாலும், அடிப்படை வேலை ஒன்றுதான். கூகுளில் தொடங்க அரைமணி நேரம் போதும். மாவட்டப் பணித்தியத் தலைவர்களே, அடுத்த கூட்ட நிரலில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உரிமையாளர் மூவரில் ஒருவராக ஓய்வுபெற்ற அந்த மூத்த ஆசிரியரை அழையுங்கள். அவருக்கு நேரம் இருக்கிறது, இலக்கணம் இருக்கிறது. கைப்பேசியில் அலுத்துப்போன விரல்களுக்கு வீட்டில் ஒரு கணினி விசைப்பலகையும் இருக்கிறது.