மண்ணுக்குள் இருக்கும் சொத்து யாருடையது?

பூகன்வில் தீவை எங்களில் பலர் அறிவோம். 2019 இல் அங்கு நடந்த பொதுவாக்கெடுப்பில் சுமார் 98 வீதமானோர் பப்புவா நியூகினியாவிலிருந்து பிரிந்து தனிநாடாக வாக்களித்தார்கள். அதற்கு முன் பத்தாண்டு காலப் போர். அந்தப் போரின் வேர் பங்குனா செப்புச் சுரங்கம். செம்பு வெளியே போனது. மாசடைந்த ஆறுதான் மக்களுக்கு மிஞ்சியது.

அதே தீவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செல்வமும் போனது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கிருந்த அமெரிக்க இராணுவத்தின் பருத்திக் கூடாரங்கள் உக்கிப்போயின. பருத்தியின் செலுலோசை உடைக்கும் நொதியங்களைச் சுரக்கும் ஒரு மண் பங்கசுதான் காரணம். அதை இராணுவ ஆய்வுகூடம் பிரித்தெடுத்துப் பேணியது. கூடாரத்தைக் காப்பாற்றத் தொடங்கிய ஆய்வு, பின்னர் அந்த நொதியத்தையே உற்பத்தி செய்யும் ஆய்வாக மாறியது. இன்று ஜீன்ஸ் துணியை மென்மையாக்கவும், கால்நடைத் தீவனத்தில் சேர்க்கவும், பயிர்க்கழிவிலிருந்து எதனோல் எடுக்கவும் அது பயன்படுகிறது. தொழிற்சாலைகளில் உள்ள இந்தப் பங்கசு அனைத்தும் அந்த ஒரே மாதிரியின் வழிவந்தவை. ஆய்வாளர் எல்வின் ரீஸின் நினைவாக அதற்கு ட்ரைக்கோடெர்மா ரீசி என்று பெயர். தீவின் பெயர் அதில் இல்லை.

1993 இல் நடைமுறைக்கு வந்த உயிரினப் பல்வகைமைச் சமவாயம், இத்தகைய வளங்கள் மீதான இறைமையை அரசுகளுக்கு வழங்கியது. பயனைப் பகிரும் விதிகளை 2010 இன் நகோயா நெறிமுறை வகுத்தது. ஆனால் 2008 இல் இந்தப் பங்கசின் மரபணுத்தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டது. இனி ஒருபிடி மண்ணைக்கூட யாரும் எடுத்துச் செல்லத் தேவையில்லை. கணினியில் உள்ள தரவே போதும்.

இந்த ஓட்டையை அடைக்கவே 2025 பெப்ரவரியில் கலி நிதியம் தொடங்கப்பட்டது. மரபணுத் தரவால் பயனடையும் பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் 1 வீதம் அல்லது வருமானத்தில் 0.1 வீதம் செலுத்த வேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது. கட்டாயம் இல்லை. குறைந்தது பாதியாவது பழங்குடியினருக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் சேர வேண்டும் என்கிறார்கள். அரசோடு முரண்பட்டு நிற்கும் மக்களுக்கு அந்தப் பாதி எந்தக் கைகளைத் தாண்டி வந்து சேரும் என்பதே என் கேள்வி.

காணி விடுவிப்பைப் பற்றிப் பேசும்போது நாங்கள் ஏக்கர்க் கணக்கே பேசுகிறோம். அது அவசியம்தான். ஆனால் அந்த மண்ணில் வாழ்பவையும் எங்கள் கணக்கில் வரவேண்டும். கிளிநொச்சியில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. எங்கள் மண்ணின் பங்கசுகளை, எந்தக் கிராமத்தில் எடுத்தது என்ற குறிப்போடு எங்கள் மாணவர்களே பதிவு செய்யட்டும். ஊரின் பெயர் பதிவில் இருந்தால்தான் நாளை பங்கு கேட்க ஒரு ஆதாரம் இருக்கும்.