புறப்படுபவரிடம் கட்டணம்

கரடியனாற்றிலிருந்து வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குச் செல்லும் பெண், இரவு முழுவதும் பஸ்ஸில் பயணித்தே கட்டுநாயக்காவை அடைகிறாள். அருகே மட்டக்களப்பில் விமான நிலையம் இருக்கிறது. 2018 இல் அதற்குச் 'சர்வதேச' என்ற அடைமொழியும் கிடைத்தது. பெயருக்கேற்ற சேவைதான் வரவில்லை.

வந்தால், புறப்படுபவரிடம் தனிக் கட்டணம் அறவிடலாமா?

ஓடுபாதை, தீயணைப்பு, பாதுகாப்பு ஆகியவற்றைப் பயணிகள் குறைவு என்பதற்காகக் குறைத்துவிட இயலாது. சிறிய நிலையங்களின் நெருக்கடி உண்மையானதே. அயர்லாந்தின் நொக் நிலையம் புறப்படுவோரிடம் 10 யூரோ அபிவிருத்திக் கட்டணம் பெற்றது. ஆனால் அது, அரசு கைவிரித்தபின் ஊரார் நிதி திரட்டிக் கட்டி முடித்து, 1986 இல் திறந்த நிலையம். தாம் கொடுப்பது எதற்கென்று அவர்கள் அறிவார்கள். நமது புறப்பாட்டு வரியோ விமானச் சீட்டின் விலைக்குள் மறைந்துவிடுகிறது. கொடுப்பவர் கணக்குக் கேட்க வழியில்லை.

பலாலியைப் பாருங்கள். 2019 இல் தொடங்கிய சென்னைச் சேவை பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டது. இத்தகைய இளஞ்சேவைகள்மீது தொடக்கத்திலேயே சுமையேற்றுவது விவேகமன்று.

முதலில் விமானம் வரட்டும். பின்னர் கட்டணம் தவிர்க்கவியலாததெனில், அது அந்நிலையத்துக்கே செலவாகட்டும்; கணக்கு அதன் வாசலிலேயே தொங்கட்டும். கடன்பட்டுப் புறப்படும் அந்தப் பெண்ணிடம் மட்டும் கைநீட்ட வேண்டாம்.