படத்தின் பின்னணியில் யார் நிற்பது?

நம் சங்கக் கூடத்தில் மாட்டுவதற்காக, வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ் அவர்களின் உருவப்படம் ஒன்றை வரையச் செய்ய அன்பர்கள் சிலர் முயற்சி எடுத்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய எண்ணம். சென்ற மாதம் முதல் மாதிரியைக் காட்டினார்கள். நடுவில் காக்கிச் சீருடையில் சீனிவாஸ். பின்னால் அடர்ந்த காடு. மரங்களுக்கிடையே பெரிய மீசையும் துப்பாக்கியுமாக ஒரு நிழலுருவம். ஓரத்தில் சந்தனக் கட்டைகளும் யானைத் தந்தமும். ஓவியரின் கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பின்னணி வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கோபிநத்தம் 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒகேனக்கல்லுக்கும் மாதேஸ்வரன் மலைக்கும் இடைப்பட்ட காட்டுப் பகுதியில், தமிழ் பேசும் மக்கள் வாழும் ஊர். வெளியுலகத்துக்கு அது வீரப்பன் பிறந்த ஊர் மட்டுமே. சீனிவாஸ் 1954-ல் ஆந்திரத்தின் ராஜமுந்திரியில் பிறந்தவர்; தாய்மொழி தெலுங்கு; பணி செய்ததோ கர்நாடக அரசில். வீரப்பனைத் தேட வந்தவர், ஊராரின் மனத்தை வெல்வதே சரியான வழி என்று கண்டுகொண்டார். குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் ஏற்பாடு செய்தார். வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டித் தந்தார். மாரியம்மன் கோயிலையும் எழுப்பினார். 1991 நவம்பர் 10 அன்று, வீரப்பன் சரணடையப் போகிறான் என்ற பேச்சை நம்பி, ஆயுதமின்றிக் காட்டுக்குள் சென்றவரைக் கொன்றார்கள். 1992-ல் அரசு அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது அளித்தது.

நான் படித்தது டிப்ளமோ. வேலை பார்த்தது ரயில்வேயில். ஓவியம் எனக்குத் துறையன்று. ஆனால் இயந்திர வரைபடங்களோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழகியவன். வரைபடத்தில் ஒரு கோடு அதிகமாக விழுந்தாலும் பட்டறையில் பிட்டர் அதை நம்பி இரும்பை வெட்டிவிடுவார். உருவப்படத்தின் பின்னணியும் அப்படித்தான். ஓவியர் இடத்தை நிரப்பத்தான் வரைந்திருப்பார். பார்க்கிறவரோ அதற்குப் பொருள் தேடுவார்.

நம் எல்லோருக்கும் தெரிந்த திருவள்ளுவர் படத்தையே எடுத்துக்கொள்வோம். அதை வரைந்த வேணுகோபால் சர்மா, வள்ளுவரைச் சுற்றி எந்தப் பொருளையும் வைக்கவில்லை. கருத்துலகில் வாழ்ந்தவருக்குக் கருத்துலகமே பின்னணி என்பது அவர் தந்த விளக்கம். தூய உள்ளத்தைக் காட்ட வெள்ளை ஆடை அணிவித்தார். ஒரு கோபுரத்தையோ அரண்மனையையோ பின்னால் வைத்திருந்தால் வள்ளுவர் ஏதோ ஒரு தரப்புக்குச் சொந்தமாகியிருப்பார்.

மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனவர்கள், விளக்கேந்திய பெண்ணின் படத்தைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். ரவிவர்மா வரைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வரைந்தவர் எஸ்.எல். ஹல்தாங்கர். 1940-களில் தம் மகளையே நிற்க வைத்து நீர்வண்ணத்தில் தீட்டியது. விரல்களின் வழியே கசியும் செவ்வொளியும், பின்னே படரும் நிழலுமே அதை உயிருள்ள படமாக்குகின்றன. அறையில் இருந்த சாமான்களையெல்லாம் வரைந்திருந்தால் நம் கண் விளக்கை விட்டு விலகியிருக்கும்.

இனி நம் படத்துக்கு வருவோம். துப்பாக்கியோடு ஓர் உருவம் பின்னால் நின்றால், பார்க்கிறவர்களின் கண் முதலில் அங்கேதான் போகும். பிள்ளைகள் "வீரப்பன் படம்" என்றே சொல்வார்கள். ஒரு மனிதரைக் கொன்றவனையே அவருக்கு அடையாளமாக வைப்பது என்ன நியாயம்? காட்டுக்கும் காவலுக்கும் இடையில் அகப்பட்டு இருபுறமும் அல்லல்பட்ட ஊர் அது. அந்த மக்களையும் நாம் மறுபடி அந்த நிழலிலேயே நிறுத்துகிறோம்.

"வீரப்பனைக் காட்டாவிட்டால் இளைய தலைமுறைக்கு இவர் யாரென்றே தெரியாதே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் படத்தின் கீழே ஒரு பலகை போதும். பெயர், 1954–1991, எப்படி இறந்தார் என்று இரண்டு வரி. எப்படி இறந்தார் என்பதை எழுத்து சொல்லட்டும். எப்படி வாழ்ந்தார் என்பதைப் படம் சொல்லட்டும்.

என் யோசனை இதுதான். சீனிவாஸை இடுப்பளவு, பார்க்கிறவரின் கண்மட்டத்திலேயே வரையலாம். மேலிருந்து கீழே பார்க்கும் அதிகாரியாக வேண்டாம். இரண்டு கைகளும் தெரியட்டும், வெறுங்கையாக. அவர் ஆயுதமின்றிச் சென்றதை அதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. பின்னால் ஒருபுறம் மாரியம்மன் கோயில், மறுபுறம் குழாயடியில் ஒரு குடம். காடு தொலைவில் ஒரு பச்சைக் கோடாக இருந்தால் போதும். இதற்கு மேல் சேர்த்தால் காலண்டர் படமாகிவிடும்.

இதில் கோபிநத்தத்து மக்கள் நமக்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சீனிவாஸின் படத்தை அவர் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்குள்ளேயே வைத்து வணங்குகிறார்கள். அவர்கள் அவருக்குக் கொடுத்த பின்னணி அம்மன் சன்னிதி. மொழியும் மாநிலமும் வேறான ஒருவரை அந்தத் தமிழ்க் கிராமம் தன்னவராக ஏற்றுக்கொண்ட விதம் அது. வெளியூரில் வாழும் தமிழர்களாகிய நாம் அவர் படத்தை நம் கூடத்தில் மாட்டுவதற்கும் அதுதானே காரணம்?

ஓவியருக்கு இன்னும் வண்ணம் தீட்டச் சொல்லவில்லை. செயற்குழு அன்பர்கள் அடுத்த கூட்டத்தில் இதைக் கருத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்துடையோரும் இப்பக்கங்களில் எழுதட்டும்.